சின்னப் பிள்ளைக்குக் ‘கூடாது’ என்று சொல்வது எப்படி?

நோன்புக் காலத்து மாலைநேரம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். அஸர் முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்துவிடும். அடுப்பில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். உம்மாவுக்குக் கை ஒழியாது. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டிலுள்ள இரண்டு வயதுப் பிள்ளையும் சமையற்கட்டுக்குள் வரும்.

நம் அறக்கட்டளையின் தாய்மார் கூட்டத்தில் ஒரு சகோதரி இப்படிக் கேட்டார்: “ராத்தா, சூடு சூடுன்னு நூறு தடவை சொல்லிட்டேன். இப்ப அவனே ‘சூது சூது’ன்னு சொல்லிக்கிட்டே கஞ்சி வாளியில கையை வைக்கப் போறான். என்னையப் பாத்துச் சிரிக்கவும் செய்றான். தெரிஞ்சுதானே செய்றான்? அடிக்காம வேற என்னதான் செய்றது?”

கேட்கும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது. முந்தின நாள் அடித்திருக்கிறார். பிள்ளையின் தொடையில் விரல் பதிந்திருந்ததை மாமியார் பார்த்துவிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். வாப்பா வெளிநாட்டில். வீட்டில் பிள்ளை சொல் கேட்காவிட்டால் பேச்சு முழுவதும் உம்மாவின் தலையில்தான் விழுகிறது.

அன்று நேரம் போதவில்லை. அந்தச் சகோதரிக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நடக்கத் தொடங்கியதிலிருந்து மூன்று வயது முடியும்வரை உள்ள பிள்ளைகளுக்கே இது. அதற்கு மேற்பட்ட வயதுக்கு வேறு வழிகள் உண்டு.

தெரியும், ஆனால் முடியாது

அந்தப் பிள்ளைக்குச் ‘சூடு’ என்ற சொல் தெரியும். அந்த வாளியைப் பார்த்தால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் நீண்ட கையை அந்தச் சொல்லால் இழுத்து நிறுத்த அவனுக்கு இன்னும் முடியாது. அறிவது வேறு, அடக்குவது வேறு. முதலாவது சீக்கிரம் வந்துவிடுகிறது. இரண்டாவதுக்கு வேண்டிய மூளையின் முன்பகுதி, இளமைப் பருவம் முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டு வயதில் அது ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது. வண்டியில் சக்கரம் பூட்டியாகிவிட்டது, பிரேக் இன்னும் பூட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்தச் சிரிப்பு? பெரியவர்களாகிய நமக்கு அது கேலியாகப் படுகிறது. பிள்ளை நம்மைச் சோதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டு ‘மறுபடியும் சத்தம் வருதா’ என்று பார்க்குமே, அந்த மாதிரிச் சோதனை இது. நேற்று வாளியைத் தொடப்போனபோது உம்மா ஓடிவந்தாள். இன்றும் வருவாளா? வாப்பும்மா இருக்கும்போதும் வருவாளா? விதி என்பது எப்போதும் மாறாமல் நிற்கும் ஒன்று என்பதைப் பிள்ளை இப்படித்தான் கண்டுபிடிக்கிறது. பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருந்தால் சோதனை சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு நாள் சிரிப்பு, ஒரு நாள் கத்தல், ஒரு நாள் கண்டுகொள்ளாமல் விடுவது என்றிருந்தால், அது முடியவே முடியாது.

ஆகவே, ‘நூறு தடவை சொல்லிட்டேன்’ என்பது தோல்விக்கு அடையாளமில்லை. அந்த வயதுக்கு நூறு தடவை என்பது நடுவழிதான்.

எட்ட நின்று சொல்வதும் கிட்டப் போய்ச் சொல்வதும்

கூடத்தில் பிள்ளை, சமையற்கட்டில் உம்மா. அங்கிருந்தே “டேய், தொடாதே, ஓடாதே, ஏறாதே” என்று குரல் மட்டும் வருகிறது. விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்கு அந்தக் குரல் ஃபேன் சத்தத்தைப் போல ஒரு சத்தம். மேலும் ‘ஓடாதே’ என்ற சொல்லில் பிள்ளை முதலில் பிடித்துக்கொள்வது ஓட்டத்தை. அதை விட்டுவிட்டு வேறு என்ன செய்வது என்று அதுவாகவே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை நாம் செய்து கொடுத்துவிடலாம். ‘ஓடாதே’ என்பதற்குப் பதில் ‘உம்மா கையைப் பிடி’. ‘கத்தாதே’ என்பதற்குப் பதில், நாமே குரலைத் தாழ்த்தி ‘இப்படி மெதுவாப் பேசு’. ‘பூனையை அடிக்காதே’ என்பதற்குப் பதில், அதன் கையைப் பிடித்துப் பூனையின் முதுகில் வைத்து ‘தடவிக் கொடு’.

நம் மார்க்கத்தில் இதற்கு அழகான முன்மாதிரி இருக்கிறது. உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர், நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர். சாப்பிடும்போது அவருடைய கை தட்டு முழுவதும் சுற்றி வருமாம். அதைக் கண்ட நபியவர்கள், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், வலக் கையால் உண்ணவும், தனக்கு அருகில் இருப்பதிலிருந்து எடுக்கவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இது ஸஹீஹ் புகாரியில் உள்ளது. கவனியுங்கள். சொன்னவை மூன்று, மூன்றுமே ‘இதைச் செய்’ என்பவை. தட்டைத் துழாவுகிறாயே என்ற கண்டிப்பு அதில் இல்லை. உடன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னது அது. அதன் பிறகு தம் உண்ணும் முறை அப்படியே அமைந்துவிட்டது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு நிகழ்ச்சியில் பிள்ளை இன்னும் சின்னது. ஸதகாவாக வந்த பேரீச்சம்பழக் குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பேரர் ஹஸன் (ரலி) வாயில் போட்டுக்கொண்டார். நபியவர்களின் குடும்பத்தாருக்கு ஸதகாப் பொருள் ஆகாது. நபியவர்கள் உடனே அதைத் துப்பச் செய்தார்கள். அப்போது அவர்கள் சொன்னது, ‘சீ, துப்பு’ என்று நாம் மழலையில் சொல்வோமே, அந்த மாதிரி அரபியர் சிறு பிள்ளைகளிடம் சொல்லும் ஒரு ஒலி. அதற்குப் பிறகுதான் காரணத்தைச் சொன்னார்கள், அதுவும் ஒரே வரியில். ‘பிள்ளைதானே, ஒரு பழம்தானே’ என்று விட்டுவிடவும் இல்லை, நீண்ட உபதேசம் செய்யவும் இல்லை. முதலில் நிறுத்துவது, பிள்ளையின் மொழியில் சொல்வது, சுருக்கமாகக் காரணம் சொல்வது. இந்த வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாக்கிவிடுகிறோம். பிள்ளை கையை நீட்டிக்கொண்டிருக்க, இங்கிருந்தே ஐந்து நிமிடம் விளக்கம் சொல்கிறோம். கடைசியில் பொறுமை இழந்து அடிக்கிறோம்.

கஞ்சி வாளிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். எழுந்து போகவேண்டும். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து கையைப் பிடிக்கவேண்டும். “சூடு. கை வலிக்கும். இங்க உக்காரு, உம்மா ஆத்தித் தர்றேன்.” அவ்வளவுதான். ஆறிய கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால், எது தொடக்கூடாதது, எது தொடலாம் என்ற இரண்டையும் பிள்ளை ஒன்றாகப் படித்துக்கொள்கிறது.

விதியைவிடத் தாழ்ப்பாள் நல்லது

இதற்கு ஒவ்வொரு தடவையும் எழுந்து போகவேண்டுமே என்றால், ஆமாம், போகத்தான் வேண்டும். அதனால்தான் விதிகள் கொஞ்சமாக இருக்கவேண்டும். ஒரு நாள் முழுக்க எத்தனை ‘கூடாது’ சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே அலுப்பாக இருக்கும். சோபாவில் ஏறக்கூடாது, அலமாரியைத் திறக்கக்கூடாது, செருப்பைத் தொடக்கூடாது, தண்ணீரைக் கொட்டக்கூடாது. இத்தனையும் ஒரே குரலில் சொல்லப்படும்போது ‘ரோட்டுக்குப் போகக்கூடாது’ என்பதும் இவற்றில் ஒன்றாக மங்கிப்போகிறது. தனக்குக் காயம் வருவது, அடுத்தவருக்கு வலிப்பது, பிறர் பொருளைப் பாழாக்குவது. இந்த மூன்றில் சேராததை முடிந்தவரை விட்டுவிடுங்கள். செருப்பை நோண்டினால் கையைக் கழுவிவிட்டால் போயிற்று.

உயிருக்கு ஆபத்தானவற்றைப் பிள்ளையின் அடக்கத்தை நம்பி விடவே கூடாது. கஞ்சி வாளி மேடையின் உட்புறம் இருக்கட்டும். அடுப்பிலுள்ள சட்டியின் கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும். சாப்பாட்டு விரிப்பில் பெரியவர்கள் உட்கார்ந்த பிறகு சூடான பாத்திரம் வரட்டும். வாப்பும்மாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலையணைக்கு அடியிலிருந்து பூட்டிய அலமாரிக்குப் போகட்டும். கிணற்றுக்குக் கம்பி மூடி, வாசலுக்குத் தாழ்ப்பாள். குளியலறையில் அரை வாளித் தண்ணீர்கூட மிச்சம் வைக்காதீர்கள். இந்த வயதில் தலை கனம் கூடுதல். வாளிக்குள் குப்புற விழுந்த பிள்ளைக்குத் தானே நிமிர முடியாது, சில அங்குலத் தண்ணீரே போதும்.

இவ்வளவு பார்த்தும் சுட்டுவிட்டால், நனைந்த துணியையும் வளையல் காப்பையும் உடனே கழற்றிவிட்டு, காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். துணி தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பற்பசை, மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் கொண்டுபோங்கள். அந்த இருபது நிமிடத்தைப் பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

பொய்யால் அடக்குவது

“பூச்சாண்டி புடிச்சிட்டுப் போவான்.” “டாக்டர் பெரிய ஊசி போடுவாரு.” “போலீஸ் வருது பாரு.” இவை உடனே பலிக்கும், அதனால்தான் வீடுதோறும் இருக்கின்றன. ஆனால் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் நாளில் டாக்டரின் வாசலிலேயே பிள்ளை வீறிட்டு அழுகிறதென்றால், அந்தப் பயத்தை ஊட்டியது நாம்தான். கூட்டத்தில் காணாமல்போன பிள்ளை போலீஸ்காரரைக் கண்டு ஒளிந்துகொண்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது, “அல்லாஹ் நெருப்புல போட்டுடுவான்” என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது. எந்தக் கடமையும் இன்னும் எழுதப்படாத பிள்ளை அது. தன்னைப் படைத்தவனைப் பற்றி அது முதன்முதலில் கேட்பது இதுவாகவா இருக்கவேண்டும்? பாலைக் கொட்டியதற்கும் நரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

வெளியே கிளம்பும்போது பிள்ளை அழாமலிருக்க, “மிட்டாய் வாங்கிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வருவதும் இதே வகைதான். அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, எதையோ தருவதாகச் சொல்லி அவருடைய தாய் அவரை அழைத்தார்கள். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்கப்போகிறீர்கள் என்று அந்தத் தாயிடம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார்கள். எதையும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் சொன்னதாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பிள்ளையிடம் சொன்ன சொல்லும் சொல்தான். ‘இதைத் தொட்டா எடுத்து வச்சிருவேன்’ என்று சொன்னால் எடுத்து வைக்கவேண்டும். எடுத்து வைக்க மனமில்லையென்றால் அதைச் சொல்லக்கூடாது.

அழுகைக்குக் கொடுப்பது

கடைவாசலில் பலூன் கேட்டு அழுகிறது. பத்துத் தடவை மறுக்கிறோம். எல்லாரும் பார்க்கிறார்களே என்று பதினோராவது தடவை வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளை படித்துக்கொண்ட பாடம், பதினோரு தடவை அழவேண்டும் என்பதுதான். எப்போதாவது ஒரு தடவை பலிக்கிற அழுகை, ஒவ்வொரு தடவையும் பலிக்கிற அழுகையைவிட நீண்ட காலம் நிற்கும். வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றினால் முதல் தடவை கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள், அதில் தவறே இல்லை. கூடாது என்றால் கடைசிவரை கூடாது.

தரையில் புரண்டு அழும்போது உபதேசம் ஏறாது. தலையை மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். ‘பலூன் கெடைக்கலன்னு கோவமா இருக்கு’ என்று அதன் மனத்திலிருப்பதை நாமே சொல்லலாம். சொல்லத் தெரியாததும் அந்த அழுகைக்கு ஒரு காரணம். அடங்கிய பிறகு தூக்கிக்கொள்ளுங்கள்.

பசியா தூக்கமா என்றும் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரமலானில் தராவீஹ் முடிந்து பதினோரு மணிக்கு வீடு கலகலப்பாகிறது, ஸஹருக்கு மறுபடியும் விளக்கு எரிகிறது. இரண்டு தடவை தூக்கம் கெட்ட பிள்ளை மறுநாள் மாலையில் சொல் கேட்கவில்லை என்றால், அது பிள்ளையின் குற்றமில்லை.

வாப்பாவும் வாப்பும்மாவும்

அதே நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிவி, செல்போன் திரை வேண்டாம் என்கிறது. இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள். வெளிநாட்டிலிருக்கும் வாப்பா வீடியோவில் பேசுவதை இதில் சேர்த்துக் கவலைப்பட வேண்டாம். முகம் பார்த்துப் பேசும் பேச்சு அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அதற்கு விலக்கு அளித்திருக்கிறது.

வாப்பாமாரிடம் நான் கேட்டுக்கொள்வது வேறொன்று. திரையில் பிள்ளை அழுவதைப் பார்த்ததும், “அழ வைக்காதே, கேக்குறதக் குடுத்துரு” என்று அங்கிருந்து உத்தரவு போடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவருக்கு நல்ல வாப்பாவாக மட்டுமே இருக்க ஆசை வருவது இயல்பு. ஆனால் உங்கள் ஒரு சொல்லில் உம்மாவின் ஒரு மாத வேலை போய்விடுகிறது. “உம்மா சொன்னா சரி” என்று அந்தத் திரையிலிருந்தே சொல்லிப் பாருங்கள், பிள்ளைக்கும் அது கேட்கும்.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் எல்லா விதிகளையும் பேசி ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். உம்மம்மா கொஞ்சம் கூடுதலாகச் சீனி போட்டுப் பால் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடாது. இரண்டே இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். வாசலைத் தாண்டுவது ஒன்று, அடிப்பதும் கடிப்பதும் மற்றொன்று என்று வைத்துக்கொள்வோம். “மாமி, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறான், நீங்களும் இதையே சொன்னா கேப்பான்” என்று கேட்டால் பெரும்பாலான மாமிமார் மறுப்பதில்லை. பேரன் கடிக்கும்போது சிரிக்காமல் இருப்பதுதான் அவர்களுக்குச் சிரமம்.

அடி

ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதிலும் தொழாவிட்டால் கண்டியுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸை, இரண்டு வயதுப் பிள்ளையை அடிப்பதற்குச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். தொழுகைக்கே ஏழு வயதுவரை சும்மா விட்டு, பிறகு மூன்று வருடம் சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்கிற ஹதீஸ் அது. அந்தப் பத்து வயதுக்கும் உலமாக்கள் கடுமையான வரம்புகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு வயதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. நபியவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது முஸ்லிமில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி), தம்மிடம் ஒரு சலிப்புச் சொல்கூடச் சொன்னதில்லை என்று நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அடித்ததும் பிள்ளை நின்றுவிடுகிறது என்பது உண்மை. அதற்குக் காரணம் பயம், விதி புரிந்தது அல்ல. அடிக்கிறவர் இல்லாத நேரத்தில் கை மறுபடியும் வாளிக்குப் போகும், அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். தம்பியை அடித்தான் என்பதற்காக அவனை அடித்தால், பெரியவர்கள் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் பழகிக்கொள்கிறான்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இதுதான். கை ஓங்கத் தோன்றும்போது, பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நின்று ஒளுச் செய்யுங்கள். மீறி அடித்துவிட்டால், மடியில் எடுத்து “உம்மா அடிச்சது தப்பு” என்று சொல்லுங்கள். விதியை மாற்ற வேண்டாம், வாளி அப்போதும் சூடுதான். அந்த வீட்டில் கஞ்சி நேரத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ள ஒரு கை கூடுதலாக வேண்டியிருந்தது. அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் பெரியவாப்பா தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள் இப்போது. இந்த ஏற்பாட்டை முன்பே யாரும் யோசிக்கவில்லை.

கேட்காத பிள்ளையா, காது கேளாத பிள்ளையா?

சொல் கேட்பதில்லை என்று திட்டும் அடியும் வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே காது சரியாகக் கேட்பதில்லை. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலும், ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட வராவிட்டாலும், இரண்டு வயதில் ‘பால் வேணும்’ என்பதுபோல் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். விரலால் எதையும் சுட்டிக்காட்டாத, முகம் பார்க்காத பிள்ளையையும் காட்டவேண்டும். ‘இவன் வாப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்ற சமாதானத்தில் பொன்னான மாதங்கள் போய்விடுகின்றன. சொந்தத்திலேயே திருமணம் செய்யும் குடும்பங்களில் பிறவிச் செவிக்குறைபாட்டுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால், நம் மக்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறியும் மையங்கள் இருக்கின்றன. காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது, ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு. போகும்போது தடுப்பூசி அட்டையையும் பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த சீட்டையும் எடுத்துப் போங்கள். கூட வர ஆளில்லை என்றால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் ஒரு சகோதரி துணைக்கு வருவார்.